வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை: டெல்டா பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி இப்போதுதான் சில மாதங்கள் ஆகியிருக்கும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு நாள், ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒரு நாள் என்று தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள். எப்போது பேசுவான், பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்ற கவலையில் ஒரு விஷயம் மட்டும் பின்னுக்குப் போய்விடுகிறது. நாலு நாளாக மோஷன் போகவில்லை என்பதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. நாமாகக் கேட்டால், "அவனுக்கு எப்பவுமே அப்படித்தான் சார்" என்பார்கள்.

நான் கும்பகோணம் வட்டாரத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் புதிதாக வரும் பெற்றோரிடம் பேச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வயிற்றைப் பற்றித்தான் கேட்பேன். வயிறு இறுகிக் கிடக்கும் பிள்ளையை உட்காரவைத்து எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியான ஒரு கணக்கின்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு இருக்கும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட நான்கு மடங்குக்கு மேல். மலச்சிக்கலையும் வயிற்றுப்போக்கையும் தனித்தனியாகப் பார்த்தாலும் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. காரணம் இதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. நாலைந்து பண்டத்தைத் தவிர வேறெதையும் தொடாதது, வயிறு முட்டுகிறது என்ற உணர்வே சரியாக எட்டாதது, கக்கூஸைக் கண்டால் பயம், சாப்பிடும் மருந்து என்று பலதும் சேர்ந்துகொள்ளும். குடலில் இருக்கும் நுண்ணுயிரிகளின் பங்கு என்ன என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

தடுப்பூசியால் குடல் கெட்டு அதனால்தான் ஆட்டிசம் வருகிறது என்று யாராவது சொன்னால், அது ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர் 1998-ல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை. 2010-ல் லான்செட்டே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. கதை மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி தங்கைக்குப் போடவேண்டிய ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் வேலை: வலியை அடையாளம் காண்பது

பேசத் தெரிந்த பிள்ளைகூட "வயிறு வலிக்குது" என்று சொல்லாமல் போகலாம். வலி எங்கே என்று காட்டத் தெரியாது. அல்லது வயிறு வலிக்கும்போது காலைக் காட்டும். பேசாத பிள்ளையிடம் அது வேறு வடிவத்தில் வரும்: கையைக் கடிப்பது, தலையைச் சுவரில் முட்டுவது, காரணமில்லாமல் அழுவது, பக்கத்தில் இருப்பவரை அடிப்பது, நடுராத்திரியில் எழுந்து கத்துவது. நாமும் "ஆட்டிசம்தானே, அடம்" என்று விட்டுவிடுவோம். 2010-ல் அமெரிக்காவில் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறினால் உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், நடத்தை என்று மட்டும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

உற்றுப் பார்த்தால் தெரியும் சில அடையாளங்கள் உண்டு. மேசை, நாற்காலிக் கை, கட்டில் விளிம்பு என்று எதிலாவது வயிற்றை வைத்து அழுத்துவது. சாப்பிட்டதும் முதுகை வில்லாக வளைப்பது. சும்மா சும்மா எச்சில் விழுங்குவது, தொண்டையைச் செருமுவது. பல்லை நறநறவென்று கடிப்பது. சட்டைக் காலரையோ கைக்குட்டையையோ எப்போதும் வாயில் வைத்திருப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம், எல்லாவற்றையும் வயிற்றின் தலையில் கட்டவேண்டாம். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

மாயவரம் பக்கத்து கிராமத்துப் பையன் ஒருவன், ஏழு வயது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணை விளிம்பில் குப்புறப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆடுவான். ஏதோ ஊஞ்சல் விளையாட்டு என்று வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். செல்போனில் எடுத்த அந்த வீடியோவைப் பார்த்த டாக்டர் அவனைப் படுக்கவைத்து இடது அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. மலச்சிக்கலுக்கு மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் திண்ணை ஆட்டம் நின்றுபோனது.

ஒரு எளிய சோதனை. மோஷன் போவதற்கு முன்னால் பிள்ளை எப்படி இருக்கிறது, போன பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். போய்விட்டு வந்ததும் வேறு பிள்ளை மாதிரி அமைதியாக உட்கார்ந்தால், வலி எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. அப்படி எதுவும் பிடிபடாவிட்டால் பல்லையும் காதையும் காட்டுங்கள். சொத்தைப் பல்லுக்கும் காதுச் சீழுக்கும் இதே அழுகைதான்.

எழுதிவைப்பது

பெரிய நோட்டெல்லாம் வேண்டாம். மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுக்கும் மாத காலண்டர் போதும், கட்டம் பெரிதாக இருந்தால் நல்லது. மோஷன் போன நேரம், எப்படிப் போனது, அன்று புதிதாகச் சாப்பிட்டது, அழுகை அல்லது கடி நடந்த நேரம், தூக்கம். இவ்வளவுதான். இரண்டு வாரம் எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

"எப்படிப் போனது" என்பதற்கு டாக்டர்கள் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1 முதல் 7 வரை. ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியாக உருண்டு விழுந்தால் 1. கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு தடிமனாக வந்தால் 2. இந்த இரண்டும் மலச்சிக்கல். 3, 4 சரியான பதம். அதில் 4 வழவழப்பாக, முக்காமல் வரும். 5 மெத்தென்று துண்டு துண்டாக இருக்கும். 6 குழைந்து, 7 தண்ணீராக. எண்ணை மட்டும் கட்டத்தில் போட்டால் போதும், அப்பாயியும் போடலாம், அக்காவும் போடலாம். சொல்ல வாய் கூசுகிற வீடுகளில் இந்த எண் பெரிய உதவி.

மலச்சிக்கல்: இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும்

தினமும் போகாவிட்டால் மலச்சிக்கல் என்பது நம்மூர்க் கணக்கு. டாக்டர் கணக்கு வேறு. வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்குக் குறைவாகவோ போவது, இறுகி வலியோடு போவது, அடக்கிவைப்பது, கக்கூஸ் அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பருமனாகப் போவது, டாய்லெட் பழகிய பிள்ளை ஜட்டியில் கசியவிடுவது. இதில் இரண்டு ஒரு மாதமாக இருந்தால் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சம் போகிற பிள்ளைக்கும் உள்ளே தேங்கியிருக்கலாம்.

அடக்குவதைப் பல பெற்றோர் முக்குவது என்று நினைத்துவிடுகிறார்கள். கதவு மறைவில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, முகம் சிவந்து நிற்கும் பிள்ளை வெளியே தள்ளப் பார்க்கவில்லை, உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் நுனிக்காலில் நடப்பதால் இது கண்ணில் படாமலே போய்விடும். ஒரு தடவை வலித்தால் அடுத்த தடவை பயம். பயத்தில் அடக்கினால் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சி மலத்தை இன்னும் இறுக்கும். இறுகியது வெளியே வரும்போது இன்னும் வலிக்கும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியின் ஓரமாகத் தண்ணீர் போன்ற மலம் கசிந்து ஜட்டியில் படும். பார்ப்பவர்கள் "பேதி ஆகிறது" என்று மெடிக்கலில் போய்ப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அடைப்பு இரட்டிப்பாகும். நாள் கணக்காக மோஷன் போகாமல் இருந்து, பிறகு நாளுக்குப் பல தடவை கறை கறையாகப் பட்டால், மெடிக்கலுக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். அந்தப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். குடல் விரிந்துவிட்டதால் கசிவது அதற்குத் தெரியவே தெரியாது.

சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் தேங்கியதை வெளியேற்றுவது, பெரும்பாலும் சில நாட்களில் முடியும். அடுத்து திரும்பத் தேங்காமல் பார்த்துக்கொள்வது, அது மாதக்கணக்கு. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பவுடரை எழுதுவார்கள், அல்லது லாக்டுலோஸ் சிரப். பவுடரில் ருசி சேர்க்காத வகை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு வாசனையை மோந்தே டம்ளரைத் தட்டிவிடும் பிள்ளைகள் உண்டு. அளவு எடையைப் பொறுத்தது, அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

இரண்டாம் கட்டத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு வாரம் நன்றாகப் போனதும் "பழக்கமாகிவிடும்" என்று நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்துகள் பழக்கமாவதில்லை. விரிந்த குடல் பழைய அளவுக்கு வர நேரம் வேண்டும். குறைந்தது இரண்டு மாதம், பிறகு தொந்தரவு முழுக்க நின்று ஒரு மாதமாவது ஆன பின்பு படிப்படியாகக் குறைப்பது என்பதுதான் சர்வதேச வழிமுறை. பாதியில் நிறுத்தியவர்கள் திரும்ப முதல் கட்டத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் பேசிவிடவேண்டும், ஏனென்றால் டாக்டருக்கு முன்னால் நடப்பது அதுதான். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் புகட்டுவது. தொடுதலே தாங்காத பிள்ளைக்கு ஆசனவாயில் எதையாவது வைத்தால், அதற்கப்புறம் கக்கூஸ் பக்கமே வராது. சோப்பு அந்த இடத்தைப் புண்ணாக்கும். வலுக்கட்டாயமாகப் புகட்டும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது எல்லாம் அடைப்புக்கு ஒன்றும் செய்யாது, நாள்தான் போகும். பெரியவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. "அத்தை, டாக்டர் கொடுத்த பவுடர் இருக்கு, ரெண்டு மாசம் இதைப் பார்ப்போம். நீங்க கொஞ்சம் கனிஞ்ச பழமா பார்த்து எடுத்துவைங்க" என்று ஒரு வேலையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கக்கூஸில் உட்காரவைப்பது

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலை இட்லிக்கு அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உட்காரவையுங்கள். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. போனாலும் போகாவிட்டாலும் எழுந்துவிடலாம். உட்கார்ந்ததற்குத்தான் பாராட்டு, போனதற்கு இல்லை. இது முக்கியம், ஏனென்றால் உட்காருவது பிள்ளையின் கையில் இருக்கிறது, போவது இல்லை.

நம் கிராமத்து வீடுகளில் இருக்கும் இண்டியன் டாய்லெட்டில் குந்தி உட்காருவது குடலுக்கு வசதியான கோணம். ஆனால் தசை தளர்வாக இருக்கும் பிள்ளைகளுக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும், எதிர்ச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி காலுக்கடியில் மணைப்பலகையையோ குட்டி முக்காலியையோ போடுங்கள்.

பிள்ளை உள்ளே வர மறுத்தால் என்ன தொந்தரவு செய்கிறது என்று நீங்களே ஒரு தடவை உள்ளே நின்று பாருங்கள். பினாயில் நெடி, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம், கொல்லைப்புறக் கக்கூஸின் இருட்டு, ஈரத் தரையின் சில்லிப்பு. ஒன்றை மாற்றினாலே சில பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கால்சட்டையைக் கழற்று, உட்கார், கழுவு, தண்ணீர் ஊற்று, கை கழுவு என்று ஐந்து படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டினால் அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும்.

பள்ளிக்கூடம் தனிப் பிரச்சினை. காலையில் போனதிலிருந்து வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. டீச்சரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: மணியடித்துக் கூட்டமாகப் போகும்போது இவனை அனுப்பவேண்டாம், பத்து நிமிடம் முன்னதாகத் தனியாக அனுப்புங்கள். பெரும்பாலான டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்கள், கேட்பதற்குத்தான் நமக்குத் தயக்கம்.

சாப்பாடு

நெல் விளையும் ஊரில் தவிடு போன வெள்ளைச் சோறும் தயிரும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டு வளரும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். கூடவே ஒரே கம்பெனி பிஸ்கட், அதுவும் பாக்கெட் நிறம் மாறினால் வேண்டாம். இது திமிர் இல்லை. பதம், வாசனை, நிறம் எல்லாம் இவர்களுக்கு நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். அதனால் "பட்டினி போட்டால் தானா சாப்பிடும்" என்ற உபதேசத்தைக் காதில் வாங்காதீர்கள். மற்ற பிள்ளைகளிடம் அது பலிக்கலாம், இவர்களில் சிலர் உண்மையிலேயே பட்டினி கிடந்துவிடுவார்கள்.

முதலில் பாலைப் பாருங்கள். சாப்பாடு இறங்காத பிள்ளைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் வரை பால் போகிற வீடுகள் உண்டு. வயிறு அதிலேயே நிறைந்துவிடும், இரும்புச் சத்து குறையும், மலமும் இறுகும். அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், ஒரேயடியாக வேண்டாம், டம்ளரில் ஒரு விரற்கடை குறைத்துக்கொண்டே வந்தால் போதும்.

புதுப் பண்டத்தைப் பிள்ளை ஏற்கெனவே சாப்பிடுவதன் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அப்பளம் பிடிக்கிறது என்றால் பிடித்தது அந்த மொறுமொறுப்பு. அடுத்தது மெல்லியதாக வறுத்த வெண்டைக்காய், அதற்கடுத்து ஓரம் முறுகின முருங்கைக்கீரை அடையில் ஒரு துண்டு. தயிர்ச் சோறு பிடிக்கிறது என்றால் அந்தக் குழைவு. அதில் கைக்குத்தல் அரிசிச் சோற்றை ஒரு ஸ்பூன் மட்டும் சேர்த்துப் பிசைந்து, சில நாள் கழித்து இரண்டாக்கலாம். தட்டின் ஓரத்தில் வைப்பது, தொடுவது, மோந்து பார்ப்பது, நாக்கில் வைத்துத் துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகு வாயில் போடும் பிள்ளைகள் உண்டு. கீரையை அரைத்து ரகசியமாக இட்லிமாவில் கலப்பதை நான் சொல்வதில்லை. கண்டுபிடித்துவிட்டால் இட்லியும் கையை விட்டுப் போய்விடும். இருக்கிற நாலு பண்டத்தில் ஒன்றை இழப்பது பெரிய நஷ்டம்.

நார்ச்சத்துக்கு நம்மூரில் பஞ்சமில்லை. கனிந்த பூவன் பழம், கொய்யா, பப்பாளி, முளைக்கீரை, பாசிப்பயறு, வாழைத்தண்டு. பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும், செங்காய் மலத்தை இறுக்கும். ஆனால் அடைப்பு இருக்கும்போது நாரை அள்ளிக் கொடுக்காதீர்கள், வயிறு இன்னும் உப்பும். முதலில் அடைப்பை எடுத்துவிட்டு, அப்புறம் நாரும் தண்ணீரும் சேர்ந்து ஏறவேண்டும். தண்ணீர் குடிக்க மறுக்கும் பிள்ளைக்கு நீராகாரம், நீர்மோர், இளநீர், ரசம் எது இறங்குகிறதோ அது கணக்கில் சேரும். ஒரே டம்ளரில்தான் குடிப்பேன் என்றால் அந்த டம்ளரையே பள்ளிக்கும் கொடுத்துவிடுங்கள்.

கோதுமையையும் பாலையும் நிறுத்தலாமா?

வரும் பெற்றோரில் அநேகம் பேர் கேட்கும் கேள்வி. கோதுமையில் உள்ள குளூட்டனும் பாலில் உள்ள கேசினும் இல்லாத சாப்பாடு ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று காணொளிகள் சொல்கின்றன. மேலே சொன்ன 2010 பரிந்துரை, எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. அதற்குப் பிறகு நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளும் உறுதியாக எதையும் காட்டவில்லை. உண்மையிலேயே கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், பால் சர்க்கரை செரிக்காமை, பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு வயிறு தேறும், வயிறு தேறினால் நடத்தையும் தேறும். அது வேறு கணக்கு.

முயற்சி செய்தே தீருவது என்றால் வரிசை இது. கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுங்கள். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். எத்தனை வாரம் பார்ப்பது என்று டாக்டரிடம் பேசி முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஏற்கெனவே நாலைந்து பண்டம் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பிடுங்குகிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அரிசி தின்னும் ஊரில் கோதுமையைத் தவிர்ப்பது சுலபம் என்று தோன்றும். ரவை உப்புமா, சேமியா, பரோட்டா, பிஸ்கட், பிரெட் எல்லாம் கோதுமைதான். அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளை என்றால் அங்கே போடும் உப்புமா, கிச்சடியையும் கணக்கில் எடுக்கவேண்டும். யாரும் நினைக்காத இடம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மாவு கலந்திருக்கும், அது பெரும்பாலும் மைதா. டப்பாவின் பின்னால் படித்துப் பாருங்கள். சீலியாக் உறுதியான பிள்ளைக்கு சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகையும் பிரச்சினைதான். பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி என்று ஈடு கட்டவேண்டும். பாலுக்கு வயிறு உப்பி, தயிருக்கு ஒன்றும் ஆகாத பிள்ளைக்குப் பால் சர்க்கரைதான் சிக்கலாக இருக்கலாம், முழுக்க நிறுத்தத் தேவையே இருக்காது.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நூறு உணவுக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்த்து "இதெல்லாம் ஒத்துக்காது" என்று பட்டியல் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அலர்ஜி வல்லுநர்களின் சங்கங்கள் அந்தப் பரிசோதனையை ஏற்பதில்லை. உலோகத்தை வெளியேற்றும் ஊசி, ஸ்டெம் செல், எனிமாவில் பிளீச் கலப்பது பற்றி ஒரே சொல்: கூடாது. முதல் வகையால் உயிரே போயிருக்கிறது. குடலுக்கு நல்ல நுண்ணுயிரிகள் என்று விற்கும் புரோபயாட்டிக் பவுடர் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

பேதி, பூச்சி, எதுக்களிப்பு, மருந்து

பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும். ஓ.ஆர்.எஸ். பவுடர் ஒரு பாக்கெட்டை, அதன்மேல் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கரைக்கவேண்டும், பாதி பாக்கெட் பாதி தண்ணீர் என்று கண்ணளவு வேண்டாம். ருசி பிடிக்காமல் துப்பினால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கலாம். துத்தநாகம் 14 நாள், பேதி நின்றாலும் தொடரவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களில் காய்ச்சாத தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு மென்று விழுங்க வராது. வாயில் திணித்தால் தொண்டையில் சிக்கும். பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லி முன்னாடியே அங்கன்வாடி ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்டது மேலே ஏறுவது, புளித்த ஏப்பம், படுத்ததும் அழுகை, பல்லின் மேற்பூச்சு தேய்ந்துபோவது இருந்தால் எதுக்களிப்பு இருக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதோடு நிற்காமல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிற பிள்ளை என்றால் அதையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். கோபத்துக்கும் அடிதடிக்கும் எழுதும் ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டும், சிலருக்கு மலச்சிக்கலும் தரும். இரும்புச் சத்து டானிக் மலத்தை இறுக்கிக் கறுப்பாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

முதலில் உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவர். எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அரசு வழியில் போவதென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குச் சீட்டு வாங்கலாம், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் தெரியும். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், கும்பகோணத்தில் அரசு தலைமை மருத்துவமனை என்று டெல்டாவுக்குள்ளேயே இடம் இருக்கிறது.

ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஒன்று. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துவிடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரும். விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

புறநோயாளிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பிள்ளை உடைந்துவிடும், பிறகு டாக்டர் வயிற்றைத் தொடவே முடியாது. ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு வெளியே வேப்ப மரத்தடியில் இருக்கட்டும், முறை வந்ததும் போன் செய்தால் போதும். முன்னாடியே வீட்டில் பொம்மையைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்தி விளையாடிக் காட்டியிருந்தால், டாக்டர் கை வைக்கும்போது திமிறல் குறையும். உள்ளே போனதும் "சரியா சாப்பிட மாட்டேங்கிறான்" என்று தொடங்காதீர்கள், அது எல்லாப் பெற்றோரும் சொல்வது. "ரெண்டு வாரத்துல நாலு தடவைதான் மோஷன், எல்லாம் ரெண்டாம் நம்பர், போறதுக்கு முன்னாடி கையைக் கடிக்கிறான்" என்று காலண்டரைக் காட்டுங்கள், வீடியோவைக் காட்டுங்கள். எடையும் உயரமும் எழுதச் சொல்லுங்கள். மருந்து நீடித்தும் சரியாகவில்லை என்றால் தைராய்டு, சீலியாக் பார்க்கவேண்டுமா என்று கேட்கலாம். பிறந்து இரண்டு நாள் ஆகியும் முதல் மலம் போகாமல் இருந்த பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிறவிக் குடல் கோளாறு ஒன்றுக்கு அது அடையாளம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

பச்சையாக வாந்தி எடுப்பது. மலத்தில் ரத்தம், அல்லது இரும்பு டானிக் சாப்பிடாமலே தார் போல் கறுப்பாகப் போவது. வயிறு பானையாக வீங்கி, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது. காய்ச்சலோடு வயிற்றைத் தொடவிடாமல் சுருண்டு படுப்பது. ஆட்டிசப் பிள்ளையின் குடல்வால் வீக்கம் சுலபமாகத் தவறிப்போகும், ஏனென்றால் வலிக்கும் இடத்தை அது காட்டாது. பேதியில் எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல், கண் குழிந்து, துவண்டு கிடப்பது. காரணமில்லாமல் எடை இறங்கிக்கொண்டே போவது, இது உடனே இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள்.

மண், சுண்ணாம்பு, முடி, பெயின்ட் என்று கண்டதையும் வாயில் போடும் பிள்ளைகள் நிறைய. அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லவேண்டும், இரும்புச் சத்தும் ஈயமும் பார்ப்பார்கள். ஆனால் பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் வட்ட பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்தால் வழுக்கி இறங்கிவிடும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். அதே மாதிரிப் பேட்டரி இன்னொன்று வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் அளவைப் பார்ப்பார்.